முகம் பார்த்து மனம் அறிந்தவர்



கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கும் மாணவனை அறிவாளி என்கிறோம். செய்யுளைத் தடங்கல் இல்லாமல் ஒப்பிக்கும் மாணவியையும் அறிவாளி என்கிறோம். சரிதான்! ஆனால், மதிப்பெண் பட்டியலில் வராத அறிவு ஒன்றும் இருக்கிறது.

பக்கத்து பெஞ்சில் இருப்பவன் இன்று ஏன் பேசாமல் இருக்கிறான் என்று கவனிப்பது, கோபம் பொங்கி வரும்போது ஓங்கிய கையைக் கீழே இறக்குவது, இருட்டைக் கண்டு பயப்படும் தங்கையைக் கேலி செய்யாமல் அவள் கூடவே நடந்து போவது... இவை எல்லாம் அந்த அறிவைச் சேர்ந்தவை. 1990-ஆம் ஆண்டு பீட்டர் சலோவே, ஜான் மேயர் என்ற இரண்டு அமெரிக்க உளவியல் அறிஞர்கள், 'உணர்வு சார்ந்த நுண்ணறிவு' என்ற பெயரில் இதைப் பற்றி ஆராய்ந்து எழுதினார்கள். பெயர்தான் புதிது. சொல்லாமலே பிறர் மனதை அறிவதற்கு 'குறிப்பறிதல்' என்று நம் வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்திருக்கிறாரே!

இந்த அறிவு ஒரு தலைவரிடம் இருந்தது. அதனால், உலகத்தின் அடிமுனையில், பனிக்கடலில் கப்பலை இழந்து நின்ற 28 பேர் உயிரோடு ஊர் திரும்பினார்கள். அந்தத் தலைவரின் பெயர் எர்னஸ்ட் ஷாக்கிள்டன். அவருடைய கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

கடலுக்குப் போன பையன்

1874-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் தேதி, அயர்லாந்தில் கில்டேர் என்ற பகுதியில் உள்ள கில்க்கே என்னும் சிற்றூரில் ஷாக்கிள்டன் பிறந்தார். வீட்டில் மொத்தம் பத்துப் பிள்ளைகள்! இவர் இரண்டாவது. அப்பா ஹென்றி முதலில் விவசாயம் செய்தார். அது சரிப்பட்டு வராததால், முப்பது வயதுக்கு மேல் கல்லூரியில் சேர்ந்து மருத்துவம் படித்து டாக்டர் ஆனார். ஷாக்கிள்டனுக்குப் பத்து வயதானபோது குடும்பம் லண்டனுக்குக் குடியேறியது.

மகனும் தன்னைப் போல டாக்டர் ஆக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. மகனுக்கோ பாடப் புத்தகத்தைவிடக் கடல் பயணக் கதைகளில்தான் மனம் சென்றது. பள்ளியில் சுமாரான மாணவன்தான். 1890-ஆம் ஆண்டு, 16 வயதில், பாய்மரச் சரக்குக் கப்பல் ஒன்றில் பயிற்சி மாலுமியாகச் சேர்ந்துவிட்டார்.

கப்பலில் பல நாட்டுக்காரர்கள் இருந்தார்கள். முரடர்கள் இருந்தார்கள், சங்கோஜிகள் இருந்தார்கள். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் அடைந்து கிடக்கும் மனிதர்கள் எதற்குச் சிரிப்பார்கள், எதற்குச் சண்டை போடுவார்கள் என்பதை எல்லாம் அந்தச் சிறுவன் கண்ணால் பார்த்து வளர்ந்தான். அதுதான் அவனுடைய உண்மையான பள்ளிக்கூடம். எட்டே ஆண்டுகளில், 1898-இல், எந்தக் கப்பலுக்கும் கேப்டன் ஆகலாம் என்ற தகுதிச் சான்றிதழையும் பெற்றுவிட்டார்.

தோல்வி தந்த பாடம்

அந்தக் காலத்தில் தென் துருவத்தை யாரும் அடைந்ததில்லை. 1901-ஆம் ஆண்டு ராபர்ட் ஸ்காட் என்ற கடற்படை அதிகாரியின் தலைமையில் ஒரு குழு அண்டார்டிகாவுக்குப் புறப்பட்டது. ஷாக்கிள்டனும் அதில் சேர்ந்தார். ஸ்காட், டாக்டர் வில்சன், ஷாக்கிள்டன் மூவரும் பனியில் வெகுதூரம் தெற்கே நடந்தார்கள். ஆனால், வைட்டமின் 'சி' குறைவால் வரும் ஸ்கர்வி நோய் அவர்களைப் பிடித்தது. மூவரில் அதிகம் பாதிக்கப்பட்டவர் ஷாக்கிள்டன். இருமி இருமி ரத்தம் துப்பினார். 1903-இல், அவர் விரும்பாமலேயே அவரை ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார் ஸ்காட்.

மற்றவர்கள் அங்கேயே இருக்க, தான் மட்டும் திரும்புவது எவ்வளவு வேதனை! விளையாட்டில் பாதியில் வெளியே உட்காரவைக்கப்பட்ட பிள்ளைகளுக்கு இது நன்றாகப் புரியும். ஒரு குழுவில் பலவீனமானவனாக இருப்பது எப்படி வலிக்கும் என்பதை அவர் பட்டுத் தெரிந்துகொண்டார். பின்னாளில் தன் குழுவில் யாரையும் அவர் அப்படித் தனித்து நிற்க விடவில்லை.

1907-இல் தானே தலைவராகி 'நிம்ராட்' என்ற கப்பலில் மறுபடியும் சென்றார். 1909-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் தேதி, அவரும் மூன்று தோழர்களும் தென் துருவத்துக்கு ஏறத்தாழ 180 கி.மீ. தூரத்தில் நின்றார்கள். அதுவரை மனிதர் யாரும் அவ்வளவு தூரம் தெற்கே சென்றதில்லை. இன்னும் சில நாட்கள் நடந்தால் உலகப் புகழ்! ஆனால் உணவு மூட்டையைப் பார்த்தார். தோழர்களின் முகங்களைப் பார்த்தார். துருவத்தை அடையலாம், ஆனால் உயிரோடு திரும்ப முடியாது என்று புரிந்தது. கொடியை நட்டுவிட்டுத் திரும்பிவிட்டார்.

ஆசை கண்ணை மறைக்கும் நேரத்தில் போதும் என்று நிறுத்துவதற்கு எவ்வளவு மன உறுதி வேண்டும், பாருங்கள்!

திரும்பும் வழியில் எல்லோருக்கும் கொடும்பசி. ஃபிராங்க் வைல்ட் என்ற தோழர் வயிற்றுக் கோளாறால் துவண்டுபோனார். அப்போது ஷாக்கிள்டன் தன் பங்கான ஒரே ஒரு பிஸ்கட்டை எடுத்து அவரிடம் நீட்டினார். வைல்ட் வாங்க மறுத்தும் விடவில்லை, வற்புறுத்திச் சாப்பிட வைத்தார். எவ்வளவு பணம் கொடுத்தாலும் அந்த பிஸ்கட்டுக்கு ஈடாகாது என்ற பொருள்பட வைல்ட் தன் நாட்குறிப்பில் எழுதினார். அதன் பிறகு ஷாக்கிள்டன் தலைமையேற்ற துருவப் பயணங்களில் வைல்டும் கூடவே போனார். ஒரு பிஸ்கட் சம்பாதித்துக் கொடுத்த நட்பு அது!

ஊர் திரும்பியதும் அரசர் 'சர்' பட்டம் அளித்தார். 1911-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் தேதி நார்வே நாட்டின் அமுண்ட்சென் தென் துருவத்தை முதலில் அடைந்தார். ஸ்காட் குழு 1912 ஜனவரியில் அடைந்தது, ஆனால் திரும்பும் வழியில் அனைவரும் பனியில் மாண்டுபோனார்கள்.

பனியின் பிடியில்

துருவத்தை வேறொருவர் அடைந்துவிட்டார். இனி என்ன செய்வது? அண்டார்டிகாவை ஒரு கரையிலிருந்து மறு கரை வரை, ஏறத்தாழ 2,900 கி.மீ., நடந்தே கடப்பது என்று புதிய திட்டம் தீட்டினார் ஷாக்கிள்டன். ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது வேலைத் திறமையை மட்டும் பார்க்கவில்லை. இயற்பியல் படித்த ஜேம்ஸ் என்ற இளைஞரிடம் பாடத் தெரியுமா என்று கேட்டார்! சங்கீத வித்வான் தேவை என்று அல்ல. எல்லோரும் சேர்ந்து பாடும்போது தானும் வாய் திறப்பவரா, ஒதுங்கி உட்காருபவரா என்று அறிவதற்காக.

'எண்ட்யூரன்ஸ்' என்ற கப்பலில், 1914-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி, தென் ஜார்ஜியா தீவிலிருந்து 28 பேர் புறப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் பிளாக்பரோ. வேலை கிடைக்காததால் கப்பலில் திருட்டுத்தனமாக ஒளிந்து ஏறிக்கொண்ட இளைஞர்!

1915 ஜனவரியில் கப்பலைச் சுற்றிலும் கடல் உறைந்தது. கரைக்கு இன்னும் ஒரு நாள் பயணம்தான் பாக்கி. ஆனால் முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. பத்து மாதம் அப்படியே! வானொலி மூலம் யாரையும் அழைக்க முடியவில்லை. குளிர்காலத்தில் வாரக்கணக்கில் சூரியனே உதிக்கவில்லை.

அங்கே ஷாக்கிள்டனை அதிகம் பயமுறுத்தியது குளிர் அல்ல. சோர்வும், பயமும், ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுவதும்தான். உணவுப் பொருள்களின் இருப்பைக் கணக்கெடுப்பது போலவே, தினமும் தோழர்களின் மன இருப்பையும் அவர் கணக்கெடுத்தார்.

வேலை இல்லாத மனம் கவலையைத் தேடும். அதனால் ஒவ்வொரு நாளுக்கும் கால அட்டவணை போட்டார். விஞ்ஞானி என்றும் மாலுமி என்றும் வேறுபாடு இல்லை. எல்லோரும் தரையைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பனியின் மீது கால்பந்து ஆடினார்கள். நாய்களை வண்டியில் பூட்டிப் பந்தயம் விட்டார்கள். ஒருநாள் எல்லோரும் தலையை ஒட்ட வெட்டிக்கொண்டார்கள். தலைவரும்தான்! ஒருவரை ஒருவர் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

தங்கத்தை வீசினார், பாஞ்சோவை வைத்துக்கொண்டார்

பனி நெருக்க நெருக்கக் கப்பலின் மரச்சட்டங்கள் முறிந்தன. 1915 அக்டோபர் 27-ஆம் தேதி எல்லோரும் கப்பலை விட்டுப் பனியில் இறங்கினார்கள். நவம்பர் 21-ஆம் தேதி கப்பல் முழுவதுமாக மூழ்கியது.

ஷாக்கிள்டனுக்குப் பயமே இல்லை என்று நினைக்காதீர்கள். அந்த இரவு அவருக்குத் தூக்கமே வரவில்லை. பல ஆண்டுக் கனவு கண்ணெதிரே நொறுங்கிவிட்டது! ஆனால், தலைவர் கலங்கினால் 27 பேரும் கலங்குவார்கள் என்று அவருக்குத் தெரியும். இனிக் கண்டத்தைக் கடக்கப் போவதில்லை, எல்லோரும் வீட்டுக்குப் போகப் போகிறோம் என்று அமைதியாக அறிவித்தார். மறுநாள் காலையில் அவரும் இரண்டு தோழர்களும் பால் காய்ச்சி, கூடாரம் கூடாரமாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

ஒவ்வொருவரும் ஒரு கிலோவுக்கும் குறைவான சொந்தப் பொருள்களையே எடுத்துக்கொள்ளலாம் என்பது கட்டளை. சொன்னதோடு நிற்காமல், தன்னிடம் இருந்த தங்கக் காசுகளை அவரே முதலில் பனியில் வீசினார். ஆனால் ஒரு பொருளுக்கு மட்டும் விதிவிலக்கு. அது ஹஸ்ஸி என்பவரின் பாஞ்சோ! கிட்டத்தட்ட ஐந்து கிலோ எடையுள்ள நரம்பு இசைக்கருவி. அது மனதுக்கு மருந்து, கட்டாயம் வேண்டும் என்று சொல்லிவிட்டார். தங்கம் அந்தப் பனியில் யாருக்கும் உதவாது. பாட்டு உதவும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கம்பளி ரோமத்தோல் படுக்கைப் பைகள் 18 மட்டுமே இருந்தன. மற்றவை சூடு குறைந்த கம்பளிப் பைகள். சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். என்ன அதிசயம்! நல்ல பைகள் எல்லாம் சாதாரண மாலுமிகளுக்கே விழுந்தன. ஷாக்கிள்டனுக்கும் அதிகாரிகளுக்கும் கம்பளிப் பைகள்! குலுக்கலில் ஏதோ ஏற்பாடு நடந்திருக்கிறது என்று மாலுமிகள் புரிந்துகொண்டார்கள். ஆனால் யாருக்கும் வருத்தம் இல்லை.

கூடாரங்களைப் பிரித்ததிலும் ஒரு நுட்பம் உண்டு. நமக்குப் பிடித்தவர்களைத்தானே நாம் பக்கத்தில் வைத்துக்கொள்வோம்? ஷாக்கிள்டன் நேர் எதிராகச் செய்தார். எளிதில் மனம் சுணங்கக்கூடியவர்களைத் தன் கூடாரத்தில் வைத்துக்கொண்டார். புகைப்படக் கலைஞர் ஹர்லி, தன்னை எல்லோரும் மதிக்க வேண்டும் என்று எண்ணுபவர். அவரிடம் அடிக்கடி ஆலோசனை கேட்டார். அதனால் ஹர்லியும் மகிழ்ந்தார், குழுவிலும் பிளவு வரவில்லை.

தச்சரின் கோபம்

குழுவின் தச்சர் ஹாரி மெக்னிஷ். கை தேர்ந்த வேலைக்காரர், ஆனால் முன்கோபி. அவர் ஒரு பூனையைச் செல்லமாக வளர்த்தார். 'மிசஸ் சிப்பி' என்று பெயர். அது ஆண் பூனை என்பது பின்னால்தான் தெரிந்ததாம்! கப்பல் நொறுங்கியபோது, உணவும் இல்லாமல், தூக்கிச் செல்லவும் முடியாமல், பூனையையும் சில நாய்க்குட்டிகளையும் கொல்ல உத்தரவிட்டார் ஷாக்கிள்டன். தச்சரின் மனதில் அது ஆறாத புண்ணாகிவிட்டது.

டிசம்பர் 27-ஆம் தேதி, கனமான படகுகளைப் பனியில் இழுத்துக்கொண்டு போகும்போது மெக்னிஷ் நின்றுவிட்டார். கப்பலே மூழ்கிவிட்டது, இனி யாருடைய கட்டளைக்கும் தான் கட்டுப்பட்டவன் அல்ல என்று வாதாடினார். மற்றவர்களும் அப்படியே நின்றிருந்தால் அத்தனை பேரும் அழிந்திருப்பார்கள். ஷாக்கிள்டனுக்கு உள்ளே கொதித்தது. ஆனாலும் அடிதடியில் இறங்கவில்லை. எல்லோரையும் கூட்டி, ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டினார். கரை சேரும் நாள்வரை சம்பளம் உண்டு என்று உறுதி கொடுத்தார். பிறகு தச்சரிடம் உறுதியாகப் பேசினார். மெக்னிஷ் மறுபடியும் கயிற்றைப் பிடித்தார்.

எல்லோருக்கும் சூடான பால்

1916 ஏப்ரலில் பனித்தட்டு உடைந்தது. மூன்று சிறு படகுகளில் ஏறினார்கள். நனைந்த உடை, தூக்கம் இல்லை, குடிக்கத் தண்ணீரும் போதவில்லை. ஹர்லி தன் கையுறைகளைத் தவறவிட்டார். ஷாக்கிள்டன் உடனே தன் கையுறைகளைக் கழற்றிக் கொடுத்தார். அவர் வாங்க மறுத்தபோது, வாங்காவிட்டால் கடலில் எறிந்துவிடுவேன் என்று மிரட்டி அணியவைத்தார். அதனால் ஷாக்கிள்டனின் விரல்கள் குளிரில் புண்ணாயின.

ஏப்ரல் 15-ஆம் தேதி எலிபண்ட் தீவை அடைந்தார்கள். 497 நாட்களுக்குப் பிறகு அன்றுதான் தரையை மிதித்தார்கள்! அனைவரிலும் இளையவரான பிளாக்பரோவுக்கு முதலில் கரையில் கால்வைக்கும் பெருமையைக் கொடுக்க நினைத்தார் ஷாக்கிள்டன். இறங்கிய பையன் அலையிலேயே உட்கார்ந்துவிட்டான். அவனுடைய பாதங்கள் குளிரில் மரத்துப்போயிருந்ததைத் தலைவர் அவசரத்தில் மறந்துவிட்டார். எவ்வளவு கவனமானவருக்கும் சில நேரம் சறுக்கும் அல்லவா?

அந்தத் தீவில் மனிதர்கள் இல்லை. அந்த வழியே கப்பல்களும் வருவதில்லை. யாராவது போய் உதவி கொண்டுவர வேண்டும். ஷாக்கிள்டன் ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்தார். அதில் ஒருவர் யார் தெரியுமா? கலகம் செய்த தச்சர் மெக்னிஷ்! படகைப் பழுது பார்க்க அவரைவிடத் திறமைசாலி இல்லை. மேலும், அவரை விட்டுச் சென்றால் தீவில் இருப்பவர்களின் மனதையும் கெடுத்துவிடுவார் என்ற முன்யோசனை வேறு.

22 அடி நீளப் படகு. உலகிலேயே மிகவும் கொந்தளிப்பான கடல். ஏறத்தாழ 1,300 கி.மீ. தூரம். ஏப்ரல் 24-ஆம் தேதி புறப்பட்டார்கள்.

படகில் யாராவது ஒருவர் அதிகமாக நடுங்குவதைக் கண்டால், ஷாக்கிள்டன் உடனே சூடான பால் தயாரிக்கச் சொல்வார். அந்த ஒருவருக்கு மட்டும் அல்ல, ஆறு பேருக்கும்! தனக்காகத்தான் பால் வந்தது என்று தெரிந்தால், அந்த ஆள் தன்னைப் பற்றியே பயந்துவிடுவார். மற்றவர்கள் முன் கூனிக் குறுகுவார். உதவியும் கிடைக்க வேண்டும், மானமும் குறையக் கூடாது. கூடவே இருந்த வோர்ஸ்லி என்ற கேப்டன் இதைக் கவனித்துப் பின்னாளில் எழுதிவைத்தார்.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாணவனின் நினைவு வரும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. திக்கித் திக்கிப் படிக்கும் அந்தப் பையனைத் தனியாக எழுப்பி வாசிக்கச் சொன்னேன். வகுப்பே சிரித்தது. நான் நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். மறுநாளும் அதற்கு மறுநாளும் அவன் பள்ளிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய் அழைத்து வந்தேன். அதற்குப் பிறகு வகுப்பு முழுவதையும் சேர்ந்து வாசிக்கச் சொல்லி, அவன் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். கூட்டத்தோடு கூட்டமாக அவன் குரலும் மெல்ல மெல்ல உயர்ந்தது. எல்லோருக்கும் பால் கொடுப்பது என்றால் என்ன என்று எனக்கு அன்றுதான் புரிந்தது.

ஐந்து நிமிடத் தூக்கம்

மே 10-ஆம் தேதி படகு தென் ஜார்ஜியா தீவைத் தொட்டது. ஆனால் மனிதர்கள் இருப்பதோ தீவின் மறுபக்கத்தில். இடையில் பனி மலைகள்! மற்ற மூவரைக் கரையில் தங்கவைத்துவிட்டு, ஷாக்கிள்டன், வோர்ஸ்லி, டாம் கிரீன் மூவரும் மலை ஏறினார்கள். வழுக்காமல் இருக்க, படகின் திருகாணிகளைக் கழற்றி அவர்களுடைய காலணிகளில் பொருத்திக் கொடுத்தவர் மெக்னிஷ்.

36 மணி நேரம் தொடர்ந்து நடை. நடுவில் ஓரிடத்தில் களைத்து உட்கார்ந்தார்கள். தோழர்கள் இருவரும் உடனே தூங்கிவிட்டார்கள். தானும் தூங்கினால் மூவரும் குளிரில் உறைந்து இறந்துவிடுவோம் என்று ஷாக்கிள்டனுக்குத் தெரியும். ஐந்தே நிமிடத்தில் எழுப்பி, அரை மணி நேரம் தூங்கிவிட்டீர்கள் என்று சொன்னார்! பொய்தான். ஆனால் நன்றாகத் தூங்கி எழுந்தோம் என்ற நம்பிக்கையில் அவர்கள் உற்சாகமாக நடந்தார்கள். மே 20-ஆம் தேதி, திமிங்கலம் பிடிப்பவர்களின் நிலையத்தை அடைந்தார்கள்.

எலிபண்ட் தீவில் 22 பேர் காத்திருந்தார்களே! கவிழ்த்துவைத்த இரண்டு படகுகளின் அடியில், பெங்குவின் கறியும் சீல் கறியும் தின்று நாட்களை ஓட்டினார்கள். அங்கே தலைமைப் பொறுப்பு யாருக்கு? பிஸ்கட் வாங்கித் தின்ற வைல்டுக்கு! தலைவர் இன்று வந்தாலும் வரலாம், படுக்கையைச் சுருட்டித் தயாராக வையுங்கள் என்று அவர் தோழர்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். வாரா வாரம் ஹஸ்ஸியின் பாஞ்சோ ஒலித்தது.

மூன்று முறை கப்பலோடு கிளம்பியும் பனி ஷாக்கிள்டனை வழிமறித்தது. அவர் விடவில்லை. நான்காம் முறை, சிலி நாட்டின் 'யெல்ச்சோ' என்ற சிறிய நீராவிக் கப்பலில், லூயிஸ் பார்டோ என்ற கேப்டனின் துணையோடு, 1916 ஆகஸ்ட் 30-ஆம் தேதி தீவை நெருங்கினார். தொலைநோக்கியால் பார்த்தபடியே ஒவ்வொரு தலையாக எண்ணினார். இருபத்திரண்டு! ஒருவரும் குறையவில்லை.

அவருக்கும் ஒரு குறை

உண்மையை முழுதாகச் சொல்ல வேண்டும் அல்லவா? கண்டத்தின் மறுகரையில், இவர்களுக்காக உணவுக் கிடங்குகள் அமைக்க இன்னொரு குழு சென்றிருந்தது. அதில் மூவர் இறந்துபோனார்கள். எஞ்சியவர்களை மீட்க ஷாக்கிள்டனும் 1917 ஜனவரியில் நேரில் சென்றார்.

இன்னொன்றும் உண்டு. பயணம் செய்தவர்களுக்கு அரசு துருவப் பதக்கம் அளித்தது. ஷாக்கிள்டன் பரிந்துரை செய்யாததால், 28 பேரில் நான்கு பேருக்குப் பதக்கம் கிடைக்கவில்லை. அவர்களில் ஒருவர் மெக்னிஷ். படகைச் செப்பனிட்டவர், காலணிக்குத் திருகாணி பொருத்தியவர்! பனியில் கோபத்தை அடக்கிய ஷாக்கிள்டனால், ஊர் திரும்பிய பிறகு அதை மறக்க முடியவில்லை. கோபத்தை அடக்குவது ஒன்று; மன்னித்து விட்டுவிடுவது மற்றொன்று. இரண்டாவது இன்னும் கடினம். அந்தப் பாடத்தில் அவருக்கு மதிப்பெண் குறைவுதான்.

மெக்னிஷ் 1930-இல் நியூசிலாந்தில் காலமானார். 2004-ஆம் ஆண்டு, அவருடைய கல்லறையின் மேல் ஒரு வெண்கலப் பூனைச் சிலையை வைத்தார்கள். மிசஸ் சிப்பி தன் எஜமானரிடமே திரும்பி வந்துவிட்டது!

பனித் தீவில் உறக்கம்

கடலை விட்டு ஷாக்கிள்டனால் இருக்க முடியவில்லை. 1921-இல் 'குவெஸ்ட்' என்ற கப்பலில் மீண்டும் புறப்பட்டார். பழைய தோழர்கள் பலர், வைல்டும் ஹஸ்ஸியும் உள்பட, அவர் அழைத்ததும் வந்து சேர்ந்தார்கள். 1922-ஆம் ஆண்டு ஜனவரி 5-ஆம் தேதி, தென் ஜார்ஜியா தீவின் துறைமுகத்தில், கப்பலிலேயே மாரடைப்பால் உயிர் நீத்தார். வயது 47 தான். மனைவி எமிலியின் விருப்பப்படி மார்ச் 5-ஆம் தேதி அந்தத் தீவிலேயே அடக்கம் செய்தார்கள்.

சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 2022 மார்ச் 5-ஆம் தேதி, கடலுக்கு அடியில் ஏறத்தாழ 3,000 மீட்டர் ஆழத்தில் 'எண்ட்யூரன்ஸ்' கப்பலைக் கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் எழுத்துகள்கூட அழியாமல் இருந்தன.

அதற்கு முன்பே, 2011-இல், ஃபிராங்க் வைல்டின் அஸ்தியைத் தென் ஜார்ஜியாவுக்குக் கொண்டுபோய், ஷாக்கிள்டனின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். பிஸ்கட் கொடுத்தவரும் வாங்கியவரும் இன்று பக்கத்தில் பக்கத்தில் உறங்குகிறார்கள்.

குழந்தைகளே! ஷாக்கிள்டன் துருவத்தை அடையவில்லை. அண்டார்டிகாவைக் கடக்கவும் இல்லை. எடுத்த காரியம் எல்லாம் பாதியில் நின்றன. ஆனாலும் நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் உலகம் அவரை நினைக்கிறது. காரணம், பனியைப் பார்த்த அளவுக்கு அவர் மனித முகங்களையும் பார்த்தார்.

நாளை வகுப்புக்குள் நுழையும்போது, சற்று நின்று சுற்றிலும் பாருங்கள். யாரோ ஒருவர் மதிய உணவைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கலாம். யாரோ ஒருவர் விளையாட வராமல் சுவரோரம் நிற்கலாம். ஊரைக் கூட்டிக் காரணம் கேட்க வேண்டாம். உங்கள் டிபன் பாக்ஸைத் திறந்து எல்லோருக்கும் நடுவில் வையுங்கள். அவரும் கை நீட்டுவார்.